அண்ணன் பெயரில் வந்த பதில்

என்னைச் சந்தேகப் பேர்வழி என்று சொல்லியே சிரித்த என் அருமை அண்ணனுக்கு,

நான் போன் வாங்கிவிட்டேன். பட்டன் போன் இல்லை. நீ தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னாயே, போகிற வழியிலேயே மெயில் பார்க்கிற போன், அதேதான். பத்து வருஷமாக வேண்டவே வேண்டாம் என்று நின்றவள் எப்படி மாறினாள் என்று கேட்கிறாயா? ஆசைப்பட்டு வாங்கவில்லை அண்ணா. ஒரு ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வாங்கினேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலையில் பதினொரு பேர், பெட்டியும் பையுமாக, அம்மா மண்டபம் ரோட்டில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம். ஸ்ரீரங்கத்தில் சேவித்துவிட்டுக் கும்பகோணம் கோயில்களைச் சுற்ற உன் வேனைக் கேட்டிருந்தார்களாம்.

"வண்டி எங்கம்மா? ஸ்டேஷன்ல ஒரு மணி நேரமா நிக்கிறோம்" என்றார் பெரியவர்.

"எந்த வண்டிங்க? யாரு சொன்னது?"

"உங்க அண்ணன்தான். போன வாரம் மெயில் போட்டேன், உடனே பதில் போட்டாரு. வண்டி உண்டு, கவலைப்படாதீங்கன்னு."

போன வாரமா! நீ இல்லாத விஷயத்தைச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு மெதுவாக, "இல்லையேம்மா, பதில் வந்துச்சே" என்றார். நம் வேனோ அன்று வேறு ஒரு கல்யாணக் கூட்டத்தோடு மணப்பாறைக்குப் போயிருந்தது. அங்கே இங்கே அலைந்து, கையைக் காலைப் பிடித்து, வேறொரு வண்டியை அமர்த்தி அவர்களை அனுப்பிவைத்தேன். ஆனால் என் மனசு அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. உன் பெயரில் பதில் போடுகிறவன் யார்?

"வண்டி உண்டு" என்பது உன் சொல் அல்லவா? யார் எப்போது கேட்டாலும் இல்லை என்று உன் வாயில் வராது. நம் வண்டி வெளியூரில் இருந்தாலும் உண்டு என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் கடன் வண்டி தேடி ஓடுவாய். அந்தச் சொல்லைப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு வருஷம் கேட்டவன் ஒருவன்தான். உன் டிரைவர் செல்வம்.

நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தி வந்தது. உன் காரியம் முடிந்த வாரமே, "அண்ணன் சிம்மைக் குடுங்க அக்கா, போன் வந்தா நான் எடுத்துப் பேசிக்கறேன்" என்று கேட்டவன் அவன். நான் தரவில்லை. ஆஸ்பத்திரியில் விழுந்து நொறுங்கிய உன் போனிலிருந்து சிம்மை மட்டும் எடுத்துக் குங்குமச் சிமிழுக்குள் போட்டு வைத்திருந்தேன். சிம் கிடைக்காததால் மெயில் வழியாக நுழைந்துவிட்டானா? நம் கிராக்கியை எல்லாம் வேறு வண்டிக்குத் திருப்பிவிடுகிறானா? அப்படியென்றால் பாஸ்வேர்டு அவனுக்கு எப்படித் தெரியும்? என்னிடம் சொல்லாததை அவனிடம் சொல்லியிருந்தாயா? இந்தக் கேள்விதான் அண்ணா என்னை அரித்தது. என்னை விட்டால் உனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அவனை நிறுத்திவிடுவது என்று முடிவுசெய்தேன். யாருக்கும் தெரியாமல் உறையூருக்குப் போய் வேறு ஒரு டிரைவரைக்கூடப் பார்த்துப் பேசிவிட்டு வந்தேன். ஆனால் வாயால் கேட்டால் மழுப்பிவிடுவான். அவனைப் பக்கத்திலேயே நிற்கவைத்து, வேனில் எழுதியிருக்கிற உன் மெயில் முகவரிக்கு நானே ஒரு மெயில் அனுப்பி, அவன் கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் போன்.

தெப்பக்குளம் பக்கம் ஒரு கடைக்கு அவனையே கூட்டிக்கொண்டு போனேன். என் கைப்பையையும் குடையையும் அவன் கையில் கொடுத்துவிட்டேன். சிமிழ் மட்டும் என் இடுப்புச் சுருக்குப் பையில்.

கடைப்பெண் எடுத்த எடுப்பில், "இதுல கேமரா சூப்பரா இருக்கும் மேடம்" என்றாள்.

"என் மூஞ்சி எனக்குத் தெரியும்மா. வழியில போகும்போது மெயில் வருமா, அதைச் சொல்லு."

"எல்லா போன்லயும் மெயில் வரும் மேடம்."

எல்லாவற்றிலும் வருமென்றால் எதற்கு இத்தனை போன்? நான் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினேன். கண்ணாடி போடாமல் எழுத்து தெரிகிறதா, தமிழில் தட்ட வருகிறதா, சார்ஜ் ஒரு நாள் முழுக்க நிற்குமா. அவள் ஒரு செய்திப் பக்கத்தைச் சட்டென்று திறந்து காட்டினாள். "கடை வைஃபையை அணைச்சிட்டுக் காட்டும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே அணைத்தாள். முதல் போன் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவதை மாடிப்படிக்குக் கீழே எடுத்துப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் திறந்தது. காவிரிப் பாலத்தில் பஸ் நிற்கும்போதும் திறக்குமா என்று கேட்டேன். "மேடம், நீங்க இன்ஸ்பெக்டரா?" என்றாள். அந்த இரண்டாவதைத்தான் எடுத்தேன். பெட்டியின் ஸ்டிக்கர் பிரிபடாமல் இருக்கிறதா என்று மூன்று தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான்.

அவளே எனக்கு ஒரு மெயில் முகவரி போட்டுக் கொடுத்தாள். செல்வத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடைக்குமா?" என்று உன் முகவரிக்குத் தட்டி அனுப்பினேன்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் டிங் என்றது. உன் பெயர். உன் பெயர் அண்ணா!

"அவசரமா வெளியே இருக்கேன். வந்ததும் பேசறேன். வண்டி உண்டு, கவலைப்படாதீங்க."

செல்வத்தின் ஒரு கையில் என் பை, மறு கையில் குடை. அவன் போன் வேனில் சார்ஜில் கிடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைப்பெண்தான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இது ஆள் போட்டது இல்ல மேடம். ஊர்ல இல்லாதப்ப தானா பதில் போற மாதிரி செட் பண்ணி வச்சிருக்காரு. யாரு அனுப்பினாலும் இதுதான் வரும்."

செல்வம் குனிந்து வாசித்தான். "அட்மிட் ஆன அன்னைக்குக் கட்டில்ல படுத்துக்கிட்டே போனை நோண்டிக்கிட்டு இருந்தாரு அக்கா. ரெண்டு நாள்ல வந்துருவேன், அதுவரைக்கும் கிராக்கி போயிரக் கூடாதுன்னாரு."

இரண்டே நாளுக்காக நீ எழுதி வைத்ததா அது?

அதை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் ஸ்டேஷனில் வந்து நிற்பார்களோ. சிமிழைத் திறந்து சிம்மை எடுத்துப் புதுப் போனில் போட்டேன். புதுப் பாஸ்வேர்டு போட உன் நம்பருக்கு ஓடிபி வரும் என்றாள். "ஓடிபி சொல்லுங்க மேடம்" என்றதும் எனக்குப் பழைய சந்தேகப் புத்தி வந்துவிட்டது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று போனில் தினம் ஒரு குரல் சொல்கிறதே! சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானையால் மறைத்துக்கொண்டு நானே தட்டினேன்.

அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதம் கிடந்த சிம்முக்கு எப்படி மெசேஜ் வருகிறது?

"நான்தான் அக்கா ரீசார்ஜ் போட்டுக்கிட்டு வரேன்" என்றான் செல்வம். "அண்ணன் நம்பர் வேற யாருக்காவது போயிரும்ல."

வெட்கமாக இருந்தது அண்ணா. கடை என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "செல்வம், நான் உன்னைத் திருடன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுரு."

"தெரியும் அக்கா."

"எப்படித் தெரியும்?"

"உறையூர்ல நீங்க போய்ப் பேசுன டிரைவர் எங்க மச்சான்தான்."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "துக்கத்துல இருக்கீங்க. தானா தெளிவீங்கன்னு விட்டுட்டேன்" என்று குடையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

பிறகு உன் மெயில் பெட்டியைத் திறந்தோம். உன் பதிலை அழித்துவிட்டு வெறுமனே விடலாம் என்றாள் அந்தப் பெண். வேண்டாம், வேறு எழுதுகிறேன் என்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். அந்த விருதுநகர்ப் பெரியவரைத் தவிர, மூன்று மாதமாக வருகிறவர்களிடமெல்லாம், அண்ணன் வெளியே போயிருக்கிறார் என்கிற மாதிரியே சொல்லிச் சமாளித்து வந்த வாய் இது. விரலுக்குத் தப்பிக்க வழியில்லை. எழுதி முடித்து, சரியாகப் போகிறதா என்று பார்க்க என் புது முகவரியிலிருந்தே இன்னொரு மெயில் அனுப்பினேன்.

டிங் என்றது. மறுபடி உன் பெயர். உள்ளே நான் எழுதியது.

"அண்ணன் இல்லை. வண்டி உண்டு."

நான் எழுதியதுதான். ஆனாலும் யாரோ என் முகத்துக்கு நேரே முதல் தடவையாக வந்து சொன்ன மாதிரி இருந்தது. கடைக்காரர்கள் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதேன். நீ எரிந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

இனி வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் நானே, என் பெயரில், பார்த்துப் பதில் போடுவேன். செல்வத்தை உன் வண்டியிலிருந்து இறக்க மாட்டேன். அந்தப் பாஸ்வேர்டை அவனிடமும் சொல்லிவிட்டேன் அண்ணா. சந்தேகப்படாதே, சொல்லிவிட்டேன்.

ஐம்பத்திரண்டு வயதிலும் நீ கூப்பிட்ட பெயரையே போட்டுக்கொள்கிற
உன் தங்கை, பாப்பா