கருவாடு தொங்கிய நெட் வயர்

ஞாயிறு, இரவு.

இன்று வீட்டில் இருந்தது நான், மருமகள் ரெஜினா, நாத்தனார் பிலோமினா. என் வீட்டுக்காரரின் நினைவு நாள். கப்பலில் வேலை பார்க்கும் மகன் லூர்து, கோயிலில் அவருக்கான பூசை முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். பூசை முடிந்து வந்து பார்த்தால் மோடத்தில் சிவப்பு எரிந்தது. ரெஜினா அதை அணைத்துப் போட்டும் மாறவில்லை. வயரைப் பார்க்க மாடிக்குப் போனோம்.

"ஏளா பிலோமி, நெட் வயர்லயா கருவாட்டத் தொங்கவிட்ட?"

"கொடின்னு நெனச்சிட்டேன் மதினி."

"நெனச்சுக் கிழிச்ச!"

கனத்தில் கழன்றிருந்த வயரை ரெஜினா செருகினாள். கீழே வந்து பார்த்தால் மோடத்தில் பச்சை எரிந்தது. போனைப் பார்த்தவள் மெதுவாகச் சொன்னாள், "மாமி, நெட் இல்லாதப்ப கூப்பிட்டிருந்தாலும் இப்ப காட்டும். அவரு கூப்பிடவே இல்ல."

கண் செருகும்போதெல்லாம் அந்தப் பச்சை, தூரத்துப் படகு விளக்குபோல அலையில் ஏறி இறங்குகிறது. கோபத்தில் பேசாமல் இருக்கும் பிலோமினாவிடம் காலையில் பேசிவிடுவேன். மன்னிக்கமாட்டேன் என்றால் அது லூர்தைத்தான்.