ஒரு பார்வையாளர், வெஸ்லிபர்க், ஒஹாயோ

வெஸ்லிபர்க்
14 ஜனவரி 2007

அன்புத் தங்கை மார்லாவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, நீ போனை எடுப்பதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, டிவிடி விற்கிற தளத்தில் படங்களைப் பற்றிக் கருத்து எழுதச் சொல்லிக்கொடுத்தாயே, அதை விடாமல் பிடித்துக்கொண்டேன். இதுவரை பதினொன்று எழுதிவிட்டேன். எங்கள் முதியோர் இல்லத்தில் புதன்கிழமை மதியம் படம் போடுவது என் பொறுப்பு. சாப்பாடு முடிந்ததும் பன்னிரண்டு பேரைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதில் ஏழு பேர் சக்கர நாற்காலி. எல்லோரும் கேட்பது காதல் நகைச்சுவைதான். துப்பாக்கிப் படம் வேண்டாம் என்கிறார்கள், நிஜத் துப்பாக்கியைப் பார்த்தவர்கள்.

போன வாரம் ஒரு பூக்கடைக்காரியின் கதை. நாள் முழுக்கக் கடையில் நிற்கிறாள், அதுவும் குதிகால் உயர்ந்த செருப்பில். ஒரு காட்சியிலாவது கால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டாமா? கடைசியில் அவளைத் தேடிக் கதாநாயகன் விமான நிலையத்தில் ஓடுகிறான். "அவன் ஏன் ஓடுறான்? ஒரு போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானே" என்றார் எங்கள் ஓர்வில் ஹாஸ். ரயில்வேயில் நாற்பது வருடம் இருந்தவர். இரண்டையும் எழுதினேன். பேர் போடவில்லை, "இங்கே ஒருவர்" என்றுதான் போட்டேன். பத்தொன்பது பேர் அதைப் "பயனுள்ளது" என்று குறித்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, நான் சொன்ன ஒன்றைப் பயனுள்ளது என்று யாரும் சொன்னதில்லை.

ஹாஸைப் பற்றிச் சமையலறையில் உன்னிடம் சொன்னதெல்லாம் உன்னோடு இருக்கட்டும். எழுதும்போது நான் அந்தப் பக்கமே போவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
நடீன்


சிகாகோ
2 பிப்ரவரி 2007

என் அருமை அக்கா,

திட்டாதே, போன் பையின் அடியில் கிடக்கிறது. நல்ல செய்தி இருக்கிறது. எங்கள் வாரப் பத்திரிகையில் எனக்கென்று அரைப்பக்கம் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் சாப்பாட்டுக்கடைத் துணுக்குகள் எழுதிக் கிடந்தவளுக்கு இது என்னவென்று உனக்குத் தெரியும்.

பத்தியின் பெயர் "சோபா விமர்சகர்கள்". டிவிடி தளங்களில் ஜனங்கள் எழுதுகிற கருத்துகளை எடுத்துப் போட்டுக் கீழே நாலு வரி கிண்டல். நெப்ராஸ்காவில் ஒருவர் விவாகரத்துப் படம் ஒன்றுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார், காரணம் டிவிடி உறை உடைந்து வந்ததாம். டெக்சஸில் ஒருத்தி ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "நான் இன்னும் பார்க்கவில்லை, என் கணவர் அழுதார்" என்று எழுதியிருக்கிறாள். ஆபீஸே உருண்டு சிரித்தது. ஆசிரியர் என் மேசைக்கு வந்து, "இன்னும் இதுமாதிரி கொண்டா" என்றார். முதல் முறையாக என் பேரைச் சரியாகச் சொன்னார்.

உன்னுடையதையும் படித்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் எழுத்தில் ரொம்ப மரியாதைக்காரியாகிவிடுகிறாய். பேசும்போது உன்னிடம் இருக்கிற காரம் அதில் இல்லை. பேசுகிற மாதிரியே எழுது அக்கா.

முத்தங்களுடன்,
மார்லா


வெஸ்லிபர்க்
20 பிப்ரவரி 2007

மார்லா,

ஓர்வில் ஹாஸுக்கு ஒரு மகள் உண்டு. சிகாகோவில் பள்ளிக்கூட ஆசிரியை. மாதம் ஒரு தடவை அப்பாவைப் பார்க்க வருவாள். இந்தச் சனிக்கிழமை உன் பத்திரிகையோடு வந்தாள்.

நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பத்திரிகையை அதன்மேல் விரித்து வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெஸ்லிபர்க்ல இன்னொரு முதியோர் இல்லம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"எங்கப்பாவ எப்பவும் மரியாதையாத்தான் கூப்பிடுவீங்க. உங்களத்தான் நல்லவங்கன்னு நெனச்சேன்."

படித்தேன். "புட்டிங் சாப்பிட்ட பிறகு தத்துவம்" என்று தலைப்பு. கீழே என் பூக்கடைக்காரி கருத்து. திரையின் அடியில் வசனம் எழுத்தாக வராத டிவிடி என்பதால் ஒரு நட்சத்திரம் குறைத்திருந்தேன். அதற்கு "ஒஹாயோவின் நீதி" என்று சிரித்திருக்கிறாய். எங்கள் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்குக் காது சரியாகக் கேட்காது. காரணத்தையும் நான் எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டுச் சிரித்திருக்கிறாய்.

வெட்டியதைப் பொறுத்துக்கொள்வேன். சேர்த்ததை என்ன செய்வது? "இங்க ஒரு ரயில்வேக்காரர் கதாநாயகியப் பாத்ததும் செத்துப்போன பொண்டாட்டின்னு நெனச்சுக் கூப்பிடுவாரு. படம் முடிஞ்சா டிஸ்கையும் அவரு டயப்பரையும் ஒரே கையாலதான் மாத்துறேன்." இது தளத்தில் கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று, பதினாறு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து, உன் எதிரில் உட்கார்ந்து சொன்னது. சொல்லிவிட்டு நான் அழுதேன், அது உனக்கு ஞாபகம் இருக்காது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

திங்கட்கிழமை நிர்வாகி பெவர்லி ஸ்டாட் கூப்பிட்டார். இவரும் ஒரு காலத்தில் படுக்கை மாற்றியவர்தான், இப்போது மறந்துவிட்டது.

"அந்தக் கருத்து நீங்க எழுதினதா, நடீன்?"

"கருத்து என்னுது. இந்த ரெண்டு வரி என்னுது இல்ல. தளத்துல நீங்களே பாருங்க."

"பாத்தாச்சு. பத்திரிகை வந்ததும் நீங்க அழிச்சிருக்கலாமே. எழுதினவங்க எப்ப வேணும்னாலும் திருத்தலாம்ல."

வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மார்ச் இரண்டாம் தேதி விசாரணை. குற்றம் நிரூபணமானால் பராமரிப்புப் பணியாளர்களின் மாநிலப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு ஏறும். ஏறினால் எந்த இல்லமும் என்னைத் தொடாது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுது. அந்த இரண்டு வரி நடீனுடையது அல்ல, நான் சேர்த்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடு. வேறு ஒன்றும் வேண்டாம். மன்னிப்புகூட வேண்டாம்.

நடீன்


சிகாகோ
26 பிப்ரவரி 2007

அன்பு அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வரிகளை நான் சேர்த்தது உண்மைதான். ஆனால் நான் கற்பனை செய்யவில்லையே. நீ சொன்னது, உன் வார்த்தைகள். பத்தியிலேயே உயிருள்ள வரி அதுதான், எல்லோரும் சொன்னார்கள். எத்தனையோ ஆயிரம் பேர் படிப்பதில் அந்த மனிதரின் மகள் படிப்பாள் என்று யார் கண்டது? தளம் உன் ஊர்ப் பெயரைப் போட்டிருந்தது, நானும் யோசிக்காமல் அப்படியே போட்டுவிட்டேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீ கேட்கிற கடிதத்தை எழுத முடியாது அக்கா. வாசகர் கருத்தில் நானே வரி சேர்த்தேன் என்று என் கையெழுத்தோடு ஒரு காகிதம் வெளியே போனால், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தத் தொழிலில் ஒருமுறை பேர் கெட்டால் அவ்வளவுதான். எனக்கு இது இரண்டாவது தடவை கிடைக்காது. உன் வேலை அப்படி இல்லை, உன் வேலைக்கு எங்கேயும் ஆள் தேவை. ஒன்று போனால் இன்னொன்று.

அவர்களிடம் இது வெறும் நையாண்டி, யாரையும் குறிப்பிட்டதல்ல என்று சொல்லிப் பாரேன். எல்லாம் முடிந்ததும் இங்கே வந்து ஒரு வாரம் இரு. சேர்ந்து நல்ல படங்களாகப் பார்க்கலாம்.

என்றும் உன்,
மார்லா


வெஸ்லிபர்க்
6 மார்ச் 2007

மார்லாவுக்கு,

உன் கடிதம் விசாரணைக்கு முந்தின நாள் வந்தது. உனக்கு ஒன்று தோன்றவில்லை போலிருக்கிறது. நான் கேட்டதை எழுத முடியாது என்று சொல்வதற்காக, நான் கேட்டதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாய். "அந்த வரிகளை நான் சேர்த்தது உண்மைதான்." உன் கையெழுத்து, உன் பேர், தேதி. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். எடுத்துக் காட்டுவது என்று முடிவு செய்துதான் போனேன்.

நீள மேசை. ஒரு பக்கம் பெவர்லி ஸ்டாட்டும் மேலிடத்திலிருந்து வந்த வக்கீலும். எதிரில் ஹாஸின் மகள். அவள் கேட்டுக்கொண்டதால் அனுமதித்தார்களாம். அந்த இரண்டு வரியையும் வக்கீல் உரக்கப் படித்தார். படிக்கும்போது அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெவர்லி மோசமானவர் இல்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார். "நடீன், யோசிச்சுச் சொல்லுங்க. பத்திரிகைல யாராச்சும் இதச் சேத்திருக்க முடியுமா?"

கை பைக்குள்தான் இருந்தது. அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். யார் சேர்த்தது என்பார்கள். என் தங்கை என்று சொல்ல வேண்டும். உங்க தங்கச்சிக்கு எப்படித் தெரியும் என்பார்கள். நான்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவைப் பற்றி நான் அழுதுகொண்டு சொன்னதை வைத்து என் வீட்டுப் பிள்ளை சிகாகோவைச் சிரிக்க வைத்தாள், நான் வேலையைக் காப்பாற்றிக் கொடு என்றதற்கு உன் வேலை வேலையா என்று பதில் எழுதினாள் என்று, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. நானே எழுதினேன் என்று சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

"நான்தான் எழுதினேன்" என்றேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "இதுக்கு மேல நீங்க எங்கப்பா ரூம் பக்கம் போகாதீங்க" என்றாள். சரி என்றேன்.

அவ்வளவுதான். வேலை போய்விட்டது. பதிவேட்டில் குறிப்பு ஏறும் என்றார் வக்கீல். எனக்கு நாற்பத்தொன்பது வயது. படுக்கை மாற்றுவது, ஊட்டிவிடுவது, தூக்குவது தவிர எதுவும் தெரியாது. இனி அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. உன்மேல் பாசத்தால் இதைச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. நினைத்து, அதையும் ஒரு பத்தியாக எழுதிவிடாதே. உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், என்னிடம் இருந்தால் என்றாவது உபயோகிக்கத் தோன்றும். தளத்தில் இருந்த என் கருத்துகளையும் எடுத்துவிட்டேன்.

எழுந்திருக்கும்போது வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார், படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதாம். "அந்தப் பத்திரிகைல உங்களுக்கு உறவுக்காரங்க, தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

யாரும் இல்லை என்றேன். சொன்ன பிறகு அது பொய் மாதிரி இருக்கவில்லை.

நடீன் ஃபாரெல்