சுவரோரமாக வந்த அப்பா

மார்ச் 4, திங்கள்

மறுபடி அந்தக் கனவு. சின்ன வயதில் அக்காவும் நானும் படுத்த அறை. ஒற்றை ஜன்னல், துருப்பிடித்த கொக்கி, மூலையில் தகரப் பெட்டி. கதவிலிருந்து எங்கள் படுக்கை வரை சுவரில் ஓடும் ஓர் அழுக்குக் கோடு. எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. விழித்தால் பக்கத்தில் கிடக்கும் தலையணைகூட மங்கல். இந்த வயதில் அந்த அறைக்கு என்னிடம் என்ன வேலை?

சலூனில் மீசையிடம் சொன்னேன். கூட முடி வெட்டுகிற ஆள். மீசை முளைக்காததால் அந்தப் பெயர். "சின்ன வயசு ரூம் கனவுல வந்தா மனசு ஓய்வு கேக்குதுன்னு அர்த்தம்ணே" என்றான்.

"கேட்டா மட்டும் குடுத்துடுவாங்களா?" என்றேன்.

மார்ச் 7, வியாழன்

ஒரு வாத்தியாருக்குச் சவரம் செய்கையில் காதைக் கீறிவிட்டேன். கத்தியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காதுதான் அங்கே இல்லை. இல்லாத இடத்திலிருந்து ரத்தம் வந்தது.

"பரவால்லப்பா" என்றார். மீசை பஞ்சை எடுத்துக் கொடுத்துவிட்டு என் கண்ணையே பார்த்தான். அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் அழுத்தமாம். நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம். ஓரப் பார்வை எப்போதோ போய்விட்டது. வலிக்காததால் தெரியவில்லை.

"போனது போனதுதாங்க. இருக்கறத முடிஞ்சவரைக்கும் காப்பாத்தப் பாக்கலாம்" என்றார் டாக்டர் அம்மா. முடிஞ்சவரைக்கும் என்றால் எதுவரைக்கும்? கேட்கவில்லை.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்றார். இல்லை என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கனவைச் சொன்னேன். "சுவத்துல ஒரு அழுக்குக் கோடு இருக்குமே, அம்மாகூட திட்டுவாங்களே?"

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அது அப்பா கை பட்ட தடம்டா. அவருக்குக் கண்ணு தெரியல. சுவத்தப் பிடிச்சுக்கிட்டுதான் வருவார்."

"கை நடுங்குதுன்னுதானே அவர் சலூனை மூடினார்?"

"அப்படிச் சொன்னார். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தம்பிகிட்ட சொல்லாத, பயந்துடுவான்னு சத்தியம் வாங்கிட்டார்."

தூங்கப் போகும்போது தினமும் வந்து எங்கள் முகத்தைத் தடவுவாரே, அது?

"யார் எங்க படுத்திருக்கோம்னு தேடினார்டா. நீதான் உருண்டு உருண்டு எங்கயோ போயிடுவியே."

இத்தனை வருடமும் பாசம் என்று நினைத்திருந்தேன். அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "பாசம் இல்லாமலா தேடினார்?" என்று சீறினாள் அக்கா. பிறகுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "டேய்... உனக்குமா?"

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு இரண்டு பேரும் அழுதோம்.

மார்ச் 18, திங்கள்

சொல்லித் தொலைச்சிருக்கலாமேப்பா. பயந்திருப்பேன்தான். பயந்தா என்ன, செத்தா போயிருப்பேன்?

ஏப்ரல் 2, செவ்வாய்

கனவுக்கு அர்த்தம் ஓய்வுமில்லை, மண்ணுமில்லை. அந்தச் சுவரைத் தினமும் பார்த்தும் நான் கவனிக்கவில்லை. அவ்வளவுதான்.

இன்று கத்தியை மீசையிடம் கொடுத்துவிட்டேன். "நீங்க சும்மா உக்காந்து பேசிக்கிட்டிருங்கண்ணே, ஆள் வரும்" என்றான். நல்லவன். ஆனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது, நானே கட்டிய கடையில்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மகளிடம் சொல்ல வேண்டும். வீடுகளுக்கு வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

சாப்பிடும்போது வாயைத் திறந்தேன். "என்னப்பா?" என்றாள். தண்ணி குடு என்றேன். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை நான்.

மே 5, ஞாயிறு

சொல்லிவிட்டேன். தாத்தாவைப் பற்றியும். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நானும் டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். வரிமேல் வரி எழுதிவிடுகிறேனாம், படிக்க முடியவில்லையாம்.

அவள் பரிசோதனை முடிவு வந்தது. அவளுக்கும் இருக்கிறது. ஆரம்பம்தானாம். தினமும் சொட்டு மருந்து விட்டால் இப்படியே நிறுத்திவைக்கலாமாம். "நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க" என்றாராம் அதே டாக்டர் அம்மா.

"இதையும் எழுதணுமாப்பா?" என்றாள்.

எழுது என்றேன். கொஞ்ச நேரம் பேனாச் சத்தம் கேட்கவில்லை. பிறகு கேட்டது.