முந்நூறு குடம் வெந்நீர்

தச்சன் அஞ்சுவது மரத்துக்கா, மனைவிக்கா என்று தேவரீர் நகைத்து விடுத்த ஓலை நேற்றுப் பிற்பகல் வந்து சேர்ந்தது. அதற்கு மறுமொழியாக, பனிவரை நாடுடைய கோமகனார், மூன்று கணவாய்களின் காவலர் நெடுங்கோ ஆதனார் எல்லைப் பாசறையில் கண்டருள, தலைநகரிலிருந்து அமைச்சன் விழுப்பரையன் வணங்கி எழுதுவது. தங்கள் வாள் வெல்க; காயம்பட்ட கால் விரைவில் ஆறுக.

அந்தக் காலுக்காகவே மலைச்சரிவில் வெந்நீர்த் தொட்டியும் அதைத் தாங்கும் மரத்தளமும் அமைக்க ஆணையிட்டீர்கள். பெருந்தச்சன் கொற்றன் பதினாறு வேங்கைமரக் கால்களைப் பாறையில் நட்டு, ஒருவர் நீராடும் தொட்டிக்கு ஏற்பத் தளத்தை முடித்தான். அதன் பின்னரே, படைத்தலைவர் பன்னிருவரும் உடன் நீராட வேண்டும், தொட்டியைப் பெரிதாக்குக என்ற இரண்டாம் ஆணை வந்தது.

நம் நாட்டில் நீர் தெய்வம்; அதை எடைபோடுபவன் கை வெட்டப்படும். ஆகையால் கொற்றன் வழக்கப்படி செப்புத் தொட்டியின் எடையையும் பன்னிருவரின் எடையையும் மட்டும் கருதி எட்டுக் கால்களைக் கூட்டினான். நீரின் பாரத்தை அளக்க வழியில்லாததால்தான், முதல் நீர் நிரப்பும்போது கட்டியவன் குடும்பத்தோடு தளத்தின் கீழ் அமர வேண்டும் என்று முன்னோர் வைத்தனர். இதுவரை எந்தத் தளமும் ஐம்பது குடத்துக்கு மேல் சுமந்ததில்லை. அதனால் யாரும் மாண்டதுமில்லை.

வெறுந்தொட்டியை ஏற்றிய அன்றே நடுவிட்டம் இரண்டு விரற்கடை தொய்ந்தது. கொற்றன் வந்து, தான் மட்டும் கீழே அமர இசைவு வேண்டினான். வழக்கத்தை மாற்ற அமைச்சனுக்கு அதிகாரம் இல்லை என்று கேட்டதும், மனைவி நக்கைக்கு எதுவும் தெரிய வேண்டாம், அந்த நாளில் உடுத்த அவள் புதுச்சேலை நெய்வித்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்லிப் போனான். இதை முன் ஓலையில் எழுதியதற்கே தேவரீர் நகைத்தீர்கள்.

அதன்பின் செய்ததை அமைச்சன் மறைக்காமல் எழுதுகிறான். கதவைத் தாழிட்டு, எண்ணெய் வணிகரின் துலாக்கோலில் ஒரு தட்டில் நீர்க்குடத்தையும் மறுதட்டில் கொற்றனின் மூன்று வயது மகள் பூதியையும் வைத்தான். தட்டுகள் சமமாய் நின்றன. ஊஞ்சல் என்றெண்ணி அவள் சிரித்தாள்.

பெரிய தொட்டி கொள்வது முந்நூறு குடம். அந்த இருபத்துநான்கு கால்களின் மேல் முந்நூறு பூதிகள் ஏறப்போகிறார்கள். கீழே ஒருத்தி தாயின் மடியில் அமரப்போகிறாள்.

நாற்பது நாள் தந்தால் நடுவில் கல்தூண்கள் எழும். அதுவரை தங்கள் கால் கீழ்ச்சுனையில் நனையலாம். நீர் நிரப்பும் நாளோ இன்றிலிருந்து ஐந்தாம் விடியல். ஓட்டன் தங்களை அடைய இரண்டு நாள், மீள இரண்டு நாள். வரையாட்டு முத்திரை பொறித்த தங்கள் ஓலையன்றி வேறெதுவும் அந்தச் சடங்கைத் தடுக்காது.

நீரை எடைபோட்ட வலக்கை இனித் தன்னுடையது அல்ல என்பதால், அமைச்சன் இடக்கையால் இலச்சினை இட்டு இவ்வோலையை விடுக்கிறான். ஓட்டன் பாசறை வாயிலில் நிற்பான். அவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதிருக்க வேண்டுகிறான்.