கொலு பார்க்க வந்த தங்கச்சிக்கு

பூனைக்குட்டி,

இன்று காலையில் கொண்டைக்கடலை வேகிற வாசனை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நவராத்திரி முதல் நாள். நான் நாலாம் கிளாஸ் வரைதான். தப்பும் தவறுமாகத்தான் எழுதுவேன், நீ சிரிக்கக்கூடாது.

உன் புருஷன் லாரி ஓட்டப் போய் அந்த நோயோடு வந்தான். உனக்கும் கொடுத்துவிட்டுச் செத்தான். நீ என்னை நம்பி இந்த மராட்டிக்கார ஊருக்கு, தேஹு ரோடுக்கு, ரயில் ஏறி வந்தாய். நான் உன்னை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. மூத்தவளுக்குக் கல்யாண வயசு, உன் மாமாவுக்கு ராணுவ டிப்போவில் வேலை, குவார்ட்டர்ஸில் நாலு பேர் பேசுவார்கள் என்று சொல்லி, ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம் பார்த்துக் கொடுத்தேன். தங்கச்சி ஊரில் இருக்கிறாள் என்றே அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். நோய் தெரிந்ததும் வீட்டுக்காரன் உன் பெட்டியைத் தெருவில் வைத்தான். அப்போதும் உன்னைக் கூட்டிப்போனது நான் இல்லை, சுனந்தாதான். ஆஸ்பத்திரி வரிசையில் உனக்குப் பழக்கமான மராட்டிக்காரி. அவளுக்கும் நோய் புருஷன் கொடுத்ததுதான்.

உங்களை மாதிரி நோய் வந்தவர்களுக்கு யாரும் வாடகைக்கு விடுவதில்லை. அதனால் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று பத்துப் பதினைந்து பேர் கிளம்பினீர்கள். ஒருவர் இடம் கொடுத்தார். மற்றதெல்லாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கொலு வைத்த வீட்டில், வருகிற பெண்ணை யாரும் வாசலில் நிறுத்தமாட்டார்கள் என்ற யோசனை உன்னுடையது. நீயும் சுனந்தாவும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, தமிழ் வீடாகப் பார்த்து ஏறினீர்கள். ஒரு பாட்டுப் பாடுவாய். சுண்டலை வாங்கிக்கொண்டு பிறகு கேட்பாய். ஒரு மூட்டை சிமெண்ட், பழைய கதவு, கட்டில், எதுவானாலும். குங்குமம் நீட்டினால் நீயே கையை மடக்கிக்கொள்வாயாம். நீ தண்ணீர் குடித்த டம்ளரைச் சில வீட்டில் வெளியே எறிந்தார்களாம்.

என் வீட்டுக்கும் வந்தாய். மூத்தவளைப் பெண் கேட்டிருந்த சம்பந்தியம்மா அன்று கொலு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நீ பாடி முடித்து, நோயையும் வீட்டையும் பற்றிச் சொன்னாய். அந்த அம்மாள் புடவையை ஒதுக்கிக்கொண்டு, "இவங்க யாரு, தெரிஞ்சவங்களா?" என்றாள்.

"தெரியாதுங்க. கொலுன்னா யார் யாரோ வருவாங்க" என்றேன்.

உன் முகம் மாறவில்லை. "ஏதாவது பார்த்துச் செய்யுங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றாய், என்னைப் பார்த்து. படி இறங்கும்போது சுனந்தாவிடம், "சலா தாயி" என்றாய். போகலாம் அக்கா என்று அர்த்தம்; மராட்டியில் அக்காவைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதற்குப் பிறகு நீ என்னை அக்கா என்று கூப்பிடவே இல்லை. மொட்டையாகவே பேசினாய்.

மூத்தவள் கல்யாணம் முடிந்துதான் உங்கள் வீட்டைப் பார்க்க வந்தேன். தகரக் கூரை, ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு நிறத்தில் யாரோ கொடுத்த கதவு. சுனந்தா உனக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அவள் மராட்டியில் என்னமோ சொல்ல, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சின்ன வயசில் உன் தலைக்குப் பேன் பார்த்தவள் நான். என்னை யாரும் உட்காரச் சொல்லாதது போல இருந்தது எனக்கு. சொன்னார்கள்தான், காதில் ஏறவில்லை. அவள் கையிலிருந்து சீப்பைப் பிடுங்க வேண்டும்போல இருந்தது. பத்து நாளாவது வீட்டுக்கு வா என்றேன்.

"எந்த வீட்டுக்கு? உங்க சம்பந்தியம்மா வந்தா நான் மறுபடி பாட்டுப் பாடணுமா?" என்று சிரித்தாய். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு வந்தபோதெல்லாம் சுனந்தாவைப் பற்றிக் கோள் சொல்லிப் பார்த்தேன். நீயும் அவளும் சண்டை போட வேண்டுமென்று சாமியிடம்கூட வேண்டினேன். இப்படி ஒரு வேண்டுதல். உனக்கு முடியாமல் போய் நான் வந்து சேர்ந்தபோது நீ அவள் மடியில் கிடந்தாய். எல்லாம் முடிந்திருந்தது. மாத்திரை ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். சுனந்தா அதைச் சாப்பிட்டு நன்றாகத் தேறிவிட்டாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த உடம்பு உனக்கு வந்திருக்கக்கூடாதா என்றுதான் தோன்றும்.

இப்போது கொலு வீடுகளுக்கு அவளோடு நான்தான் போகிறேன். என் தங்கச்சி இருந்த வீடு, அதற்குத்தான் கேட்கிறோம் என்கிறேன். நீ போன பிறகு சொல்வது என்ன பெரிய தைரியம்?

போன வருஷம் ஆட்டோவில் வரும்போது சுனந்தா சொன்னாள். கடைசி நேரத்தில் நீ மராட்டியை விட்டுவிட்டுத் தமிழில்தான் பேசினாயாம், மூச்சு வாங்க, ரொம்ப நேரம். அவளும் உம் கொட்டிக்கொண்டே இருந்தாளாம். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்றேன். புரிந்தால்தானே சொல்ல என்றாள். துருவித் துருவிக் கேட்டும் ஒரு வார்த்தை அவளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அதையும் அவள்தான் வாங்கி வைத்திருக்கிறாள், பார்த்தாயா.

தமிழ் தெரிந்த ஒருத்தரும் பக்கத்தில் இல்லை. அவ்வளவு நேரம் நீ யாரிடமடி பேசிக்கொண்டிருந்தாய்?