மோட்டார் ரூமில் விட்ட மூச்சு

அன்புள்ள மாமாவுக்கு,

மானாம்பதியிலிருந்து உங்கள் மனைவி பிரபா எழுதுவது. நானும் அத்தையும் வயிற்றில் இருப்பவரும் நலம். மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிடுங்கள். தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். நீங்கள் “சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா” என்று கேட்டு முடிப்பதற்குள், எனக்குச் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் அங்கே திரும்பும் வேதகிரி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஐந்தாம் மாதத்திலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் போதும், போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று எழுந்து உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். செக்கப்புக்குப் போன இடத்தில் நர்ஸம்மாவிடம் அழுதேவிட்டேன். மனசுக்கு வைத்தியம் பார்க்கும் ஸ்ரீலேகா மேடத்தை அவர்தான் பிடித்துக் கொடுத்தார். வாரம் ஒரு நாள் வீடியோ காலில் பேசுவார். வீட்டில் வீடியோவுக்கு டவர் போதாது, அத்தைக்கும் தெரியக்கூடாது. கழனி மோட்டார் ரூம்தான் எனக்கு ஆஸ்பத்திரி.

ஒரு வியாழக்கிழமை வந்தது வினை. பிள்ளைத்தாச்சி உச்சி வெயிலில் கழனிக்குப் போகிறாளே, காத்து கருப்பு அண்டிவிடும் என்று அத்தை வேப்பிலைக் கொத்தோடு பின்னாலேயே வந்திருக்கிறார். உள்ளே மேடம் மூச்சை இழு, மெதுவாக விடு என்று சொல்லச் சொல்ல நான் ஊதிக்கொண்டிருந்தேன். வெளியே கேட்டவர், எனக்கு வலி எடுத்து யாரோ பிரசவம் பார்க்கிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். “ஏழாம் மாசத்துலியே புள்ள வருதே, யாராச்சும் ஓடியாங்களேன்” என்று அவர் போட்ட கூச்சலில், நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சேற்றுக் காலோடு வந்து நின்றார்கள்.

நான் போனும் கையுமாக வெளியே வந்தேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அத்தை என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். “எனுக்கு மட்டும் பயம் இல்லியா? நானுந்தான்டி தூங்காம கீறேன்” என்றார். அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது.

இப்போது அத்தையும் கூடவே வருகிறார். வேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு, “இன்னா மேடம், நான் சரியா ஊதறனா?” என்று என்னை முந்திக்கொள்கிறார். ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன் மாமா. அத்தையின் குறட்டை ஒன்றுதான் தொந்தரவு. வேண்டவே வேண்டாம் என்ற வளைகாப்புக்கும் சம்மதித்துவிட்டேன்.

லீவு கேட்டு எப்படியாவது வந்துவிடுங்கள். கண் திறக்காமலே போன நம் முதல் பெண்ணைப் பற்றி நீங்கள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் உடைந்துவிடுவேன் என்று பயந்திருப்பீர்கள். இனி உடைய மாட்டேன். அன்றைக்கு நான் மயக்கத்தில் கிடந்தேன். அவளைக் கையில் வாங்கியது நீங்கள்தான். மாகறல் ஈசன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும், அவள் யார் சாயல் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள்
பிரபா