ஹெப்சிக்கு வராத நோய்

திருத்தணி,
4 ஆகஸ்ட் 2025

பிரியமுள்ள ஹெப்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. கல்யாணப் பந்தியில் கேசரி ஆரஞ்சு நிறமாக இருக்காது; மஞ்சளாக இருக்கும். நைனா முழங்காலில் நின்று ஜெபித்த பிறகே சம்மதித்தார். ஆரஞ்சுக் கட்சியில் இருந்த சின்னம்மாள் அத்தை இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை பிரியாணி என்பதால் சமாதானம் ஏற்பட்டது.

நேற்று ஆராதனையில் நம் முதல் கல்யாண ஓலையை வாசித்தார்கள். "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று போதகர் கேட்டபோது ஒரு குழந்தை அழுதது. வேறு ஆட்சேபணை இல்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இப்படியே வாசித்துவிட்டால் செப்டம்பர் நாலாம் தேதி நமக்குக் கல்யாணம். அதுவரை நாம் போனில் பேசக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். கடிதத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

ஒரு சின்ன விஷயம். சென்னையில் நீ மார்பைக் குறைத்துக்கொள்ள ஆபரேஷன் செய்துகொண்டதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைக்க வேண்டாம் என்று நீதானே சொன்னாய். அம்மா முதலில் ஸ்தோத்திரம் என்றார்கள். பிறகு எல்லாம் சொன்னார்கள்.

"பிளாஸ்டிக் சர்ஜரின்றியே, உள்ள வெச்ச பிளாஸ்டிக்கு நம்மூரு வெயிலுக்கு உருகாதாடா?"

"ஏரோப்ளேன்ல போனா வெடிச்சிடுமாம்," என்றார் நைனா. எங்கள் வீட்டில் யாரும் அரக்கோணம் ரயிலைத் தவிர வேறெதிலும் போனதில்லை.

அத்தைக்குத்தான் அதிக வருத்தம். "ஊர்ல எல்லாம் ஏத்திக்கினு வர்றாளுங்க. இவ எறக்கிக்கினு வந்துகிறா. பொறக்கப்போற புள்ளைக்கு டப்பாப் பால்தானா?"

பதில் எழுது. படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஜெபஸ்டின்


பொதட்டூர்பேட்டை,
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள உங்களுக்கு,

கேசரி விஷயத்தில் நைனாவின் முடிவை மதிக்கிறேன்.

படித்துக் காட்டுவதற்காகவே எழுதுகிறேன். எனக்கு உள்ளே எதையும் வைக்கவில்லை, எடுத்தார்கள். ஆகவே உருகுவதற்கும் வெடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. வைத்துக்கொள்கிறவர்களுக்கும் விமானத்தில் வெடிப்பதில்லை.

அழகுக்காகவா என்று அம்மா கேட்பார்கள். இன்சூரன்ஸ்காரர்களும் அப்படித்தான் சொல்லிக் கைவிரித்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குக் கழுத்தும் முதுகும் வலிக்கும். உள்ளாடைப் பட்டை தோளில் பள்ளம் போட்டிருந்தது. பேங்க் கவுன்டருக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. இதில் எது அழகு, எது வைத்தியம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பால் விஷயம்: இந்த ஆபரேஷனுக்குப் பிறகும் பலருக்குச் சுரக்கிறது, சிலருக்குக் குறைகிறது, உனக்கு எப்படி என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். அம்மா அடுத்துக் கேட்கப்போவதையும் எழுதிவிடுகிறேன். மார்பைக் குறைத்துக்கொண்டால் கேன்சர் வந்துவிடாது.

இங்கே எல்லோரும் சுகம். என் அம்மா புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் இருக்குமே, அப்படி மரத்திருக்கிறது மனசு. வலி ஒன்றும் இல்லை.

உங்கள்,
ஹெப்சி


திருத்தணி,
11 ஆகஸ்ட் 2025

பிரியமுள்ள ஹெப்சிக்கு,

உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். அதில் கேன்சர் என்ற வார்த்தை மட்டும் எல்லோர் காதிலும் நின்றுவிட்டது.

நேற்று அம்மா ஜெப விண்ணப்பச் சீட்டில் 'மருமகளுக்கு மார்பில் ஆபரேஷன், ஜெபிக்கவும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் எழுதக் கூச்சம். போதகர் ஜெபசிங் சீட்டைப் பார்த்துவிட்டு, சகோதரி ஹெப்சியின் புற்றுநோய் நீங்கும்படி சபையார் எழுந்து நிற்க வேண்டும் என்றார். நின்றார்கள். நானும் நின்றேன். இரண்டாவது ஓலையை வாசிக்கும்போது பலர் கண் துடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை உனக்காக மாதர் சங்கத்தில் உபவாச ஜெபம். அவர்கள் வீடுகளிலிருந்து முள்சீத்தாப் பழம் வந்துகொண்டே இருக்கிறது. அந்த நோய்க்கு நல்லதாம். நாங்கள் சாப்பிடுகிறோம்.

அம்மாவின் முகத்தில் இப்போதுதான் தெளிவு. "கேன்சருன்னா நாலு பேர்கிட்ட சொல்லலாம்டா. பாவம்னு வாங்க. அவளே கேட்டு வாங்கிக்கினத எங்கடா போயிச் சொல்றது?"

ஆகவே வரும் ஞாயிறு நீ எங்கள் கோயில் ஆராதனைக்கு வந்து, ஜெபத்தால் குணமானேன் என்று சாட்சி சொல்லவேண்டும். சொன்னதும் மூன்றாவது ஓலையை வாசித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் அம்மாவே எழுந்து ஆட்சேபணை தெரிவிப்பார்களாம். சின்ன சாட்சி போதும்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தால் பஸ் ஊருக்குள் வராது. நடக்க வேண்டியிருக்கும். குடை எடுத்து வா.

அன்புடன்,
ஜெபஸ்டின்


பொதட்டூர்பேட்டை,
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள உங்களுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். காவடிக்காரர்கள் வழிவிட்டார்கள்.

நான் சாட்சிக்கு எழுந்தபோது நீங்கள் பாடகர் குழுவில் நின்றிருந்தீர்கள். பாதியிலேயே கீபோர்டு தொடங்கிவிட்டதால் உங்களுக்குக் கேட்டிருக்காது. சொன்னது இவ்வளவுதான்:

"எனக்குக் கேன்சர் இருந்ததில்லை. மார்பு பாரமாக இருந்தது. நானே டாக்டரிடம் கேட்டுக் குறைத்துக்கொண்டேன். இப்போது முதுகு வலிக்கவில்லை. எனக்காக உபவாசம் இருந்தவர்களுக்கு நன்றி. தயவுசெய்து சாப்பிடுங்கள்."

பாட்டு நன்றாக இருந்தது. எல்லா சரணமும் பாடினீர்கள்.

வாசலில் சின்னம்மாள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ஏம்மா, முதுகு நெஜமாவே வலிக்கலியா?" என்றார். "ஆங், வலிக்கலீங்க அத்தை" என்றேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த டாக்டரு நம்பரு குடேன், யாருக்கும் சொல்லாத" என்றார். கொடுத்தேன்.

உங்கள் கடிதங்களை மறுபடி படித்தேன். அம்மா என்ன சொன்னார்கள், நைனா என்ன சொன்னார், அத்தை என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எதிலும் இல்லை. ஒரு வரி எழுதுங்கள். அதை நான் யாருக்கும் படித்துக் காட்டமாட்டேன்.

உங்கள்,
ஹெப்சி


திருத்தணி,
26 ஆகஸ்ட் 2025

சகோதரி ஹெப்சி அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு மட்டும் பிரஷர் ஏறி, இப்போது இறங்கியிருக்கிறது. தங்கள் வீட்டார் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஞாயிறும் மூன்றாவது ஓலையை வாசிக்கவில்லை. செப்டம்பர் நாலாம் தேதிக்குக் கோயிலைப் பள்ளிப்பட்டு ஜோடி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஜெ. ஜெபஸ்டின்